பாட்டியின் பேச்சைப் பதிவு செய்ய எதை வாங்குவது, எதை விடுவது?

பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையிலிருந்து மூன்று இளைஞர்கள் கடந்த மாதம் என்னைப் பார்க்கத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்கு வந்தார்கள். தங்கள் வட்டாரத்தில் எண்பதைக் கடந்த இருபது பேரை நேர்காணல் எடுத்து, காணொளியாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள். இரண்டு பேர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள். நன்கொடையாகத் திரட்டிய 2,000 வெள்ளி (ரிங்கிட்) கையில் இருந்தது. அதற்குள் ஒரு நல்ல கேமரா கிடைக்குமா என்று கேட்டார்கள். கேமராவே வாங்க வேண்டாம் என்றேன். மூவர் முகமும் வாடிவிட்டது. அன்று மாலை அவர்களிடம் பேசியதையும், பேசாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த வேலையின் அவசரத்தைப் பார்க்க வேண்டும். ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு வீசியது 1941 டிசம்பர் 11இல். அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இன்று தொண்ணூறுக்கு மேல். ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை என்று சொல்லக்கூடியவர்கள் கைவிரல்களுக்குள் அடங்கிவிட்டார்கள். 1969இல் பினாங்கு தடையற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்து, கூலி வேலை அருகியபோது குடும்பத்தைத் தாங்கியவர்களுக்கும் வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இன்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைக்கக்கூடிய நேர்காணல்கள் அல்ல இவை. ஆகவே ஒவ்வொரு கருவியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன்: இதை எதிரில் வைத்தால் அந்த அம்மா மேலும் பேசுவாரா, பேச்சைச் சுருக்கிக்கொள்வாரா? படம் அழகாக வருமா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

எங்கே எடுப்பது

மூன்று வழிகள் இருக்கின்றன. ஒலிப்பதிவுக்கென்று அமைத்த கூடத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். திருமணங்களுக்குப் படம் எடுப்பவரை ஒரு நாள் கூலிக்கு அமர்த்தலாம். அல்லது பெரியவரின் வீட்டிலேயே நாமே எடுக்கலாம்.

கூடத்தில் எதிரொலி இருக்காது, தெருச் சத்தம் வராது, விளக்குகள் தயாராக நிற்கும். தொழில்முறையில் பார்த்தால் அதுதான் மிகச் சிறந்த இடம். ஆனால் எண்பத்தைந்து வயதுக்காரரைக் காரில் ஏற்றி, பாலம் கடந்து கூட்டி வந்து, குளிர்சாதன அறையில் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். "ஆமாங்க", "இல்லைங்க", "அப்பல்லாம் கஷ்டந்தாங்க" என்பதோடு பேச்சு நின்றுவிடும். அதே மனிதர் தன் வீட்டு முன்கூடத்தில், சாமிப் படத்துக்குக் கீழே உட்கார்ந்தால், காலை ஐந்தரை மணிப் பிரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கூடும் இடத்தில், கிராணி என்னும் தோட்டத்துக் கணக்கர் பெயர் கூப்பிட்டதை அதே குரலில் நடித்துக் காட்டுவார். கூடத்தை நான் தயங்காமல் விலக்குவேன்.

திருமணப் படக்காரர் விஷயத்தில் அத்தனை உறுதியாகச் சொல்ல மாட்டேன். நம் ஊரில் ஒளியை நன்றாக அறிந்த இளைஞர்கள் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். ஆனால் திருமணக் காணொளியில் பெரும்பகுதியைப் பாட்டு மூடிவிடும். பேச்சொலியை அவர் எப்படி எடுப்பார் என்பது அதில் தெரியாது. அமர்த்துவதற்கு முன், அவர் எடுத்த ஒரு நேர்காணலைப் பின்னணி இசை சேர்க்காத நிலையில் ஐந்து நிமிடம் கேட்டுப் பாருங்கள். அது தெளிவாக இருந்தால், இருபது பேரில் மிகவும் தளர்ந்தவர்களுக்கு, ஒரே முறைதான் வாய்ப்பு என்பவர்களுக்கு, அவரை அமர்த்துவது நியாயமான செலவு. மற்றவர்களை நீங்களே எடுங்கள். ஒருவரிடம் மூன்று முறை போய் உட்கார முடிவது கூலிக்கு வருபவரால் ஆகாது.

ஒலி

இங்கேதான் நான் நெடுநேரம் பேசினேன், இங்கேதான் நீங்களும் பணத்தையும் பொறுமையையும் போட வேண்டும்.

நான் எடுத்த முதல் நேர்காணல் ஒரு துறைமுகத் தொழிலாளியுடையது. இரண்டு மணி நேரம் பேசினார். கேமராவிலேயே இருந்த மைக்கை நம்பி, மூன்று மீட்டர் தள்ளி நின்று எடுத்தேன். தகரக் கூரை, நடுவில் மழை. படம் நன்றாகவே இருந்தது. அவர் இறந்த பதினாறாம் நாள் அந்தப் பதிவைக் குடும்பத்தார் போட்டுப் பார்த்தார்கள். கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் ஒரு குரல் வந்தது. சொற்கள் பிடிபடவில்லை. அவர் மகள் எழுந்து வந்து பெட்டிக்கு அருகில் காதை வைத்துக்கொண்டு கேட்டார். அந்தக் காட்சி என்னைவிட்டுப் போகவில்லை.

நடந்தது என்ன என்று பிறகு கற்றுக்கொண்டேன். வாயிலிருந்து மைக் இருக்கும் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நேராக வரும் குரல் 6 டெசிபெல் குறைகிறது. ஆனால் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி அறை முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது. இரண்டு மீட்டரில் இருக்கும் மைக்கை 20 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் நேர்க்குரல் 20 டெசிபெல் கூடும், அறையின் ஓசை கூடாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மைக்கும் தூரத்தில் நின்றபடி இதைச் செய்ய முடியாது. நம் வீடுகளோ சிமெண்டுச் சுவர், வழவழப்பான ஓடு பதித்த தரை, வெற்றுக் கூரை. ஒலிக்கு இவை எல்லாம் கண்ணாடி மாதிரி.

ஆகவே தேர்வு உண்மையில் எந்த மைக் வாய்க்குக் கிட்டே போகும் என்பதுதான். மூன்று வகை உண்டு. சட்டையில் குத்தும் கம்பி மைக், அதே மைக்கைக் கம்பியில்லாமல் அனுப்பும் கருவி, தலைக்கு மேல் கழியில் நீட்டும் நீண்ட குழாய் வடிவத் துப்பாக்கி மைக்.

துப்பாக்கி மைக்கைத் திரைப்படக்காரர்கள் கையில் பார்த்துப் பலரும் ஆசைப்படுகிறார்கள். வெளியிடத்திலும், ஒலியை உறிஞ்சும் பெரிய கூடத்திலும் அது அருமையான கருவி. சிறிய, எதிரொலிக்கும் அறையில் பக்கங்களிலிருந்து திரும்பி வரும் ஒலி அதன் குழாய்க்குள் கலந்து குரலைப் பொள்ளலாக்கிவிடும். தலைக்கு மேல் அரை மீட்டருக்குள் கொண்டுவந்தால் ஓரளவு சரியாகும். அப்படிக் கொண்டுவந்தால் உரோமம் போர்த்திய அந்தக் கழியைப் பாட்டி அடிக்கொரு தரம் அண்ணாந்து பார்ப்பார். மேலாடை இல்லாத பூசாரி, சட்டையில் எதையும் குத்தச் சம்மதிக்காதவர் ஆகியோருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதையும் இரவல் வாங்கி.

கம்பியில்லாக் கருவிகள் இன்று எல்லோர் கையிலும் இருக்கின்றன. 2019இல் ரோட் நிறுவனத்தின் வயர்லெஸ் கோ வந்த பிறகு இந்தச் சிறு பெட்டிகள் பெருகிவிட்டன. பாட்டி பேச்சின் நடுவே எழுந்து உள்ளே போய்ப் பழைய சிவப்பு அடையாள அட்டையை எடுத்து வருவார். அப்போதும் குரல் தொடரும். இந்த ஒரு நன்மைக்காகவே இதை நான் மதிக்கிறேன். குறை இரண்டு. இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகின்றன. வைஃபையும் அங்கேதான் ஓடுகிறது. நெருக்கமான அடுக்குமாடி வீடுகளில் இடையிடையே குரல் வெட்டுப்படலாம். அடுத்தது எடை. மெல்லிய பருத்திச் சேலையின் முந்தானையில் பெட்டியை மாட்டினால் துணி தொங்கிவிடும், அம்மா அதை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டே இருப்பார். வாங்குவதானால் பெட்டிக்குள்ளேயே பதிவு செய்யும் வசதி உள்ளதை வாங்குங்கள். அலை அறுந்தாலும் பதிவு இருக்கும்.

கம்பி மைக் நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது. போயா பி.ஒய்.-எம்.1 போன்றவற்றுக்கு ஆறு மீட்டர் கம்பியும் ஒரு பொத்தான் பேட்டரியும் உண்டு. ஒலித்தரத்தில், பல மடங்கு விலையுள்ள கருவிக்கு இது அதிகம் பின்தங்காது என்பது பேச்சைப் பொறுத்தவரை என் அனுபவம். ஆனால் ஆறு மீட்டர் கம்பி தரையில் கிடக்கும்போது வயதானவர் மறந்து எழுந்தால்? இந்த அச்சம் நியாயமானது. நான் பிடித்துக்கொண்ட வழி இது: மைக்கைக் கேமராவில் செருகாமல், வீட்டில் சும்மா கிடக்கும் ஒரு பழைய கைப்பேசியில் செருகி, விமானப் பயன்முறையில் போட்டு, பதிவை ஓடவிட்டு, அதை அவர் மடியிலோ இடுப்பிலோ வைத்துவிடுகிறேன். மிச்சக் கம்பியைச் சுற்றிக் கட்டிவிடலாம். தரையில் கம்பி இல்லை, காற்றில் அலை இல்லை, எழுந்து நடந்தாலும் குரல் கூடவே போகிறது. தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கேமராவுக்கு முன்னால் கை தட்டினால் போதும், படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்திக்கொள்ளலாம். முடிவில் தட்டுவதை விட்டுவிடாதீர்கள். இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் ஒரு மணி நேரத்தில் சிறிது விலகக்கூடும். காதொலிப்பான் செருகுதுளை இல்லாத புதிய கைப்பேசி என்றால் இடையிணைப்பு ஒன்று வேண்டும். முதல் நாளே செருகிப் பேசிப் பாருங்கள்.

என் தேர்வு இதுதான். இருபது பேருக்கும் இது போதும்.

மைக் குத்துமிடம் மோவாய்க்கு ஒரு சாண் கீழே. இதைச் சொல்வது எளிது, சேலையில் செய்வது எளிதல்ல. முந்தானை இடது தோளில் போகிறது. மைக்கும் அதன் ஓரத்தில், இடப்பக்கமாகத்தான் வரும். ஆகவே கேள்வி கேட்பவர் அவருக்கு இடப்பக்கம் உட்கார வேண்டும். அவர் முகம் திரும்பும் பக்கமும் மைக் இருக்கும் பக்கமும் ஒன்றாகிவிடும். வலப்பக்கம் உட்கார்ந்தால் பேச்சு முழுவதும் மைக்கைவிட்டு விலகியே போகும். பட்டுச் சேலை உரசும். முடிந்தால் பருத்தி உடுத்தச் சொல்லலாம். "நேர்காணலுக்குப் பட்டுதான் கட்டுவேன்" என்றால் விட்டுவிடுங்கள், அவர் மகிழ்ச்சி பெரிது. தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொல்லும் பேச்சே கூடாது. சங்கிலி தொடாத உயரத்தில் மைக்கை வைக்க மகளையோ பேத்தியையோ குத்தச் சொல்லுங்கள். வளையல் நாற்காலிக் கையில் மோதினால் ஒவ்வொரு மோதலும் பதிவாகும், அங்கே ஒரு துண்டைப் போர்த்திவிடலாம். பிரம்பு நாற்காலி கிறீச்சிடும், ஸ்பிரிங் சோபா ஆளை விழுங்கிக் குரலை நெஞ்சுக்குள் அமுக்கும். சாப்பாட்டு மேசையின் மர நாற்காலிதான் நல்லது.

பிறகு அறை. வாங்குவதற்கு ஒன்றுமில்லை. தடித்த கம்பளிகளையும் மெத்தையையும் கேமராவில் தெரியாத பக்கங்களில் சாத்துங்கள், தரையில் பாய்க்கு மேல் ஒரு போர்வை விரியுங்கள். கை தட்டிப் பார்த்தால் வேறுபாடு காதுக்கே தெரியும். குளிர்பெட்டியை அணைத்தால் உங்கள் மோட்டார் சைக்கிள் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். புறப்படும்போது சாவியைத் தேடுவீர்கள், பெட்டியை மீண்டும் போடுவீர்கள். அடுத்தவர் வீட்டு மீன் கெட்டுப்போகக் கூடாது.

காற்றாடி பற்றி எல்லாப் பாடங்களும் "அணை" என்றே சொல்லும். நான் அப்படியே ஏற்கவில்லை. முப்பத்திரண்டு டிகிரி வெக்கையில் வியர்த்துக்கொண்டிருக்கும் மனிதர் கதையை முடித்துக்கொள்ளவே பார்ப்பார். கூரைக் காற்றாடியை நிறுத்திவிட்டு, ஒரு நிற்கும் காற்றாடியை அறையின் தூர மூலையில், மிக மெதுவான வேகத்தில், மைக்கின்மேல் காற்று படாதபடி காலுக்குத் திருப்பி வையுங்கள். மைக் ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது அந்தச் சீரான முனகல் மிகத் தாழ்ந்தே கேட்கும், பிறகு மென்பொருளால் குறைக்கவும் முடியும். எதிரொலியை மென்பொருளால் துடைக்கப் போனால்தான் குரலின் இயல்பு கெடக்கூடும்.

ஒலியளவு பற்றி ஒரு வரி: பதிவுத் திரையின் ஒலி அளவுகோலில் உச்சம் கழித்தல் 12 டெசிபெலுக்கு அருகில் நிற்கட்டும். முதியவர் குரல் தணிந்திருக்கும், சிரித்தால் திடீரென ஏறும். 32 பிட் மிதவைப் (32-bit float) பதிவுக் கருவி வாங்கினால் இந்தக் கவலை இல்லை என்பார்கள். உண்மைதான். ஆனால் எதிரொலியும் தூரமும் அதிலும் அப்படியே பதிவாகும். அந்தப் பணத்துக்கு இப்போது அவசரமில்லை.

ஒளி

சன்னலா, விளக்கா? படம் எடுப்பவர்களில் பாதிப் பேர் சன்னல் பக்கம். நானும் அந்த வெளிச்சத்தை விரும்புகிறவன்தான். பழைய கடைவீடுகளின் நடுமுற்றத்திலிருந்து இறங்கும் வெளிச்சத்தைவிட ஒரு முதிய முகத்துக்கு அழகான வெளிச்சத்தை நான் கண்டதில்லை. முற்றத்துக்கு நேர் கீழே உட்கார வைத்தால் கண்குழி இருண்டுவிடும். ஒன்றிரண்டு மீட்டர் உள்ளே தள்ளி, முகம் முற்றத்தைப் பார்க்கும்படி உட்கார வைக்க வேண்டும்.

சன்னலைத் தேர்ந்தால் நம் ஊர்ச் சூரியனை அறிந்திருப்பது உதவும். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்து டிகிரிதான் வடக்கே. ஜூன் மாதத்தில் சூரியன் நம் உச்சிக்கு வடக்காகப் போகிறது, அப்போது தெற்குச் சன்னலில் நேர் வெயில் விழாது, வெளிச்சம் மென்மையாக இருக்கும். டிசம்பரில் வடக்குச் சன்னல் அப்படி. 1982இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து நமக்கு உண்மையான உச்சிப்பொழுது ஒரு மணிக்கு மேல்தான் வருகிறது. ஆகவே காலை ஒன்பதரைக்குத் தொடங்கினால் நல்ல வெளிச்சம் மூன்று மணி நேரம் இருக்கும். உச்சி சாய்ந்ததும் லுஹர் தொழுகைக்கான பாங்கொலி கேட்கும். அதற்குள் முடித்துவிடலாம், பிற்பகல் இடிமழைக்கும் தப்பலாம்.

இவ்வளவு இருந்தும் நீண்ட நேர்காணலுக்கு நான் விளக்கைத்தான் சொல்கிறேன். காரணம் மேகம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் மறைந்து வெளிவரும் ஊர் இது. பாட்டி ஒரே வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் முகம் வெளுத்து இருளும். பிறகு வெட்டி ஒட்டும்போது பத்தாவது நிமிடமும் இருபதாவது நிமிடமும் ஒட்டாது. சன்னலைத் திறந்தால் தெரு உள்ளே வரும். கண்ணாடிப் பட்டைச் சன்னலோ, சாத்தினாலும் சத்தத்தை முழுதாகத் தடுக்காது. விளக்கு இருந்தால் சன்னலைப் போர்வையால் மூடலாம், ஒளியும் ஒலியும் ஒரே வேலையில் அடங்கும்.

எந்த விளக்கு என்று கேட்டால், அளவில் பெரிதாக்கக்கூடியது என்பேன். ஒளி மென்மையாவது அது வரும் பரப்பு ஆளைப் பொறுத்து எவ்வளவு பெரிதாகவும் அருகிலும் இருக்கிறது என்பதால்தான், விளக்கின் வாட்டால் அல்ல. கைப்பேசி வைத்து எடுக்கும் வட்ட விளக்கை வாங்காதீர்கள். கண்ணில் வளையம் விழும், முகம் தட்டையாகும், மூக்குக்கண்ணாடியில் இரண்டு நிலவுகள் தெரியும். ஒரு எல்.இ.டி. விளக்கு, அதன் ஒளியைப் பரப்பும் துணிக்கூடான 90 சென்டிமீட்டருக்குக் குறையாத சாஃப்ட்பாக்ஸ், அதை நிறுத்த ஒரு தாங்குகால். எனக்கு மொத்தம் அறுநூறு வெள்ளிக்கு மேல் ஆனது. சாஃப்ட்பாக்ஸ் வாங்கப் பணமில்லையா? துணி காயப்போடும் சட்டத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, அதற்குப் பின்னாலிருந்து எல்.இ.டி. விளக்கைப் போடுங்கள். சன்னலைப் போன்ற வெளிச்சம் வரும். ஹாலஜன் விளக்குக்கு இதைச் செய்யக் கூடாது, துணி தீப்பிடிக்கும். சுவரில் அடித்துத் திருப்புவதானால் சுவர் வெள்ளையாக இருக்க வேண்டும். நம் வீடுகளின் பச்சையும் நீலமும் அப்படியே முகத்தில் ஏறிவிடும். நோயாளி போலத் தெரிவார் அந்தப் பாவப்பட்ட மனிதர்.

நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் முகங்களை நாமே கெடுத்துக்கொண்டிருக்கிறோம். கோடாக் நிறுவனம் வண்ணப்பட அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய ஒப்பீட்டு அட்டைகளில் பல பத்தாண்டுகள் இருந்தவர் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண். "ஷர்லி அட்டை" என்றே அதற்குப் பெயர். அந்த முகத்துக்குச் சரியாக வந்தால் படம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். கருத்த முகங்கள் அடையாளம் இழந்தன. இன்றும், கேமராவைத் தானியங்கியில் விட்டுவிட்டு, வெள்ளைச் சுவருக்கு முன்னால் மாநிற முகத்தை உட்கார வைத்தால், கேமரா சுவரைப் பார்த்து அளவைக் குறைக்கிறது, முகம் கரியாகிறது. ஆகவே திரையில் முகத்தைத் தொட்டு ஒளியளவைப் பூட்டிவிடுங்கள். வெள்ளைச் சுவரைவிட்டு இரண்டு மீட்டர் முன்னால் தள்ளி உட்கார வையுங்கள். ஒளி குறிப்பிட்ட அளவை எட்டிய இடத்தில் வரிக்கோடு (zebra) காட்டும் கேமராவில் முகத்துக்கு 70 என்று சொல்லப்படுவது வெளிர்நிறத் தோலுக்கான அளவு. நம் மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் 45 முதல் 60 வரை இருந்தால் நிறம் உள்ளபடி நிற்கும். வெளுக்க வைக்கப் பார்க்காதீர்கள். கருத்த தோல் ஒளியை மினுக்கத்தின் மூலம்தான் வடிவமாகக் காட்டுகிறது. சிறிய விளக்கு நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டாக எரியும், அகன்ற விளக்கு கன்னத்தின் வளைவு முழுவதும் பரவி ஓடும். பெரிய பரப்பு வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். விளக்கு வாங்கும்போது நிறம் காட்டும் குறியீடான சி.ஆர்.ஐ. 95 அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் முதலில் சாவது சிவப்பு. குங்குமம் பழுப்பாகத் தெரியும்.

விளக்கை வைக்கும் இடம்: கேள்வி கேட்பவர் கேமராவின் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாரோ அதே பக்கம், அவருக்கும் சற்று அப்பால், கண்மட்டத்துக்கு மேலே. கேமராவுக்கு அருகிலுள்ள கன்னம் மெல்ல நிழலாகும், முகத்துக்கு ஆழம் வரும். நிழல் மிகுந்தால் மறுபக்கம் ஒரு வெள்ளைத் துணி. மூன்று விளக்கு இலக்கணத்தில் மற்ற இரண்டை முதல் ஆண்டு மறந்துவிடலாம். வீட்டுக் குழல்விளக்குகளை அணைத்துவிடுங்கள், இரண்டு நிறம் கலக்க வேண்டாம். ஏதாவது ஒன்று எரிந்தே ஆக வேண்டுமென்றால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதை நினைவில் வையுங்கள். நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வைத்தால் திரையில் பட்டை ஓடாது.

இதற்கு ஒரு விலக்கும் உண்டு. கண்புரை உள்ளவர்களுக்கு எதிரிலிருந்து வரும் விளக்கு கூசும், கண்ணை இடுக்கிக்கொண்டே பேசுவார்கள். விளக்கைப் பாதியாகக் குறைத்தும் கூசினால் அணைத்துவிட்டுச் சன்னலுக்குப் போங்கள். மேகம் வந்து போகட்டும். கண்ணைத் திறந்து பேசும் முகம் கிடைத்தால் அந்த ஏற்ற இறக்கத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

கேமரா

இதில் சொல்ல அதிகமில்லை. ஐந்து ஆண்டுக்குள் வந்த நடுத்தரக் கைப்பேசியின் பின்பக்கக் கேமரா, நல்ல ஒளி இருந்தால், இந்த வேலைக்குப் போதுமானது. பெரிய சென்சார் கொண்ட கேமரா பின்னணியை மங்கலாக்கும், குறைந்த ஒளியில் தெளிவாக இருக்கும். ஆனால் ஒரு தோட்டத்துப் பெரியவருக்குப் பின்னால் அவர் திருமணப் படமும் நாட்காட்டியும் தெரிவதை நான் மங்கலாக்க விரும்புவதில்லை. பழைய கேமராக்கள் பல 29 நிமிடம் 59 நொடியில் தாமாகவே நின்றுவிடும். நடுக்கதையில் அதைக் கவனிக்காமல் விட்ட ஒருவரை அறிவேன்.

கைப்பேசியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், மூக்கு பெரிதாகத் தெரியும். இரண்டு மீட்டர் தள்ளி, இரண்டு மடங்கு லென்ஸ் இருந்தால் அதில், முக்காலியில், கண்மட்டத்தில் நிறுத்துங்கள். ஐபோனாக இருந்தால் அமைப்புகளில் பி.ஏ.எல். (PAL) வடிவத்தைத் திறந்தால் 25 பிரேம் கிடைக்கும். அதில் 4கே பதிவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 மெகாபைட், ஒரு மணிக்கு 10 கிகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடத்தை முன்பே காலி செய்யுங்கள். 2,000 வெள்ளியில் மீதம் இருப்பதைக் கேமராவுக்குப் பதில் இரண்டு வன்தட்டுகளில் போடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று வேறொருவர் வீட்டில். ஒரு பிரதியைக் குடும்பத்தாரிடம் கொடுத்துவிடுங்கள், அது அவர்களுடைய சொத்து.

இளைஞர்கள் மூவரும் மைக், விளக்கு, முக்காலி, இரண்டு வன்தட்டு என்று பட்டியலைத் திருத்திக்கொண்டு போனார்கள். முதல் நேர்காணல் பட்டர்வொர்த்தில், தொண்ணூற்றொரு வயது அம்மா ஒருவருடன். அவர்களிடம் கடைசியாக ஒன்று சொன்னேன். கேள்விகள் முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் அறையின் வெற்று ஒலியைப் பதிவு செய்ய வேண்டும், வெட்டி ஒட்டும் இடங்களில் அடியில் போடுவதற்கு. அந்த ஒரு நிமிடத்தில் பெரியவர்கள் சும்மா இருப்பதில்லை. "எல்லாம் முடிஞ்சுதா தம்பி? ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்று தொடங்குவார்கள். "மைக் இன்னும் ஓடுது அம்மா, சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருங்கள். வெற்று ஒலியைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.